நாய் சாப்பிட மறுக்கிறதா? வாயில் கையை விடாதீர்கள்!

கம்மாபுரத்தில் ஏதோ ஒரு வீட்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு மணி 8. தட்டில் வைத்த குழம்புச் சோறு காய்ந்து கிடக்கிறது. எறும்பு மொய்க்கிறது. "மணி" திண்ணையோரம் சுருண்டு படுத்திருக்கிறது.

"ஏங்க! மணி காலையிலேருந்து ஒண்ணும் திங்கலைங்க!"

"பசிச்சா தானா திங்கும். நீ சும்மா இரு!"

நாய் வளர்க்கும் எல்லா வீட்டிலும் நடக்கும் பேச்சுதான் இது. பல சமயம் வீட்டுக்காரர் சொல்வது சரியாகவே இருக்கும். சில சமயம் அந்த ஒரு வார்த்தை நாயின் உயிரைக் குடித்துவிடும். எப்போதாவது மனித உயிரையும்!

நாய் வாய் திறந்து சொல்லாது. நாம்தான் கவனிக்க வேண்டும். சோறு "வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? அல்லது ஆசையோடு வந்து வாய் வைத்து, தின்ன "முடியாமல்" திரும்புகிறதா? இரண்டும் வேறு வேறு சங்கதி.

வெயிலா, வீடு மாற்றமா?

கத்திரி வெயிலில் நெய்வேலிப் பக்கம் எப்படிக் காயும் என்று சொல்லத் தேவையில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்த நாட்களில் பகல் சோற்றைச் சீந்தாது. விடியற்காலையிலும் இரவிலும் வைத்தால் தின்னும்.

என்.எல்.சி.யில் ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்புவார். சாமான்களோடு நாயும் லாரியில் ஏறும். புது இடத்தில் ஓரிரு நாள் அதற்குச் சோறு இறங்காது. பழைய தட்டு, படுத்துப் பழகிய சாக்கு, வழக்கமாகச் சோறு வைக்கும் அதே கை இருந்தால் தேறிவிடும். பெட்டை வாசனை தெரிந்தாலும் ஆண் நாய் சோற்றை மறக்கும். இதற்கெல்லாம் டாக்டர் வேண்டாம்.

வளர்ந்த நாய், ஓடியாடிக்கொண்டு தண்ணீரும் குடித்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் கூடாது. குட்டி என்றால் அந்த ஒரு நாளும் கிடையாது. வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி சேர்ந்துவிட்டால் பார்வோ நோயாக இருக்கலாம். 1978-ல் உலகெங்கும் திடீரென்று பரவிய வைரஸ் இது. தடுப்பூசி போடாத குட்டியை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும்.

மூக்கில் ரத்தம்

ஓடியாடாமல் படுத்தே கிடக்கிறதா? உண்ணியைத் தேடுங்கள். காது மடிப்பு, கழுத்து, கால் விரல் இடுக்கு. "ரெண்டு உண்ணிதானே!" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

1963-ல் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்கள் இப்படித்தான் சோறு தின்னாமல் மெலிந்தன. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. பிறகு வியட்நாம் போர்க்களத்தில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கு மேல் செத்தன. அல்சேஷன்களுக்குத்தான் அடி பலம். குண்டுக்குத் தப்பியவற்றைக் கொன்றது பழுப்பு உண்ணி பரப்பிய எர்லிச்சியா என்ற கிருமி!

அதே பழுப்பு உண்ணிதான் நம் ஊர்ச் சுவர் விரிசலிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. விரிசலுக்கும் மருந்தடிக்க வேண்டும்.

நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தால் பாதி விஷயம் தெரியும். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. மஞ்சளானால் காமாலை. உடம்பு தொட்டால் சுடுகிறதே என்று மட்டும் பதற வேண்டாம். நமக்கு 98.6 டிகிரி, நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம்.

உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து உண்டு. ஆனால் பெரும்பாலும் நாலு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நாலு நாளில் மணி சோறு தின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் பதுங்கியிருந்து திரும்பும்.

வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். நாயின் ஈரலைக் கெடுக்கும். குழம்பில் கிடக்கும் வெங்காயமும் ஆகாது. அது ரத்த அணுக்களை உடைக்கும்.

எலும்பு இல்லை!

இனி "முடியாத" நாய். பல் ஆட்டம், வாய்ப் புண், குறுக்கே சிக்கிய கோழி எலும்பு எதுவும் இருக்கலாம். ஆனால் தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறி, இருட்டு மூலையில் போய் ஒண்டுகிறதா? அங்கேதான் ஆபத்து!

"தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல. பிடிங்க, எடுத்துடறேன்!" என்று பாசத்தோடு கையை உள்ளே விடுகிறார்கள். எலும்பு இருக்காது. வெறிநோயாக இருக்கும். வெறி பிடித்த நாய் தெருத் தெருவாக ஓடிக் கடிக்கும் என்றுதான் பலருக்குத் தெரியும். சாதுவாகப் படுத்துக் கிடக்கும் வெறியும் உண்டு. அதற்குத் தொண்டை மரத்துப்போய் விழுங்க முடியாது.

"தண்ணியப் பாத்துப் பயப்படலியே!" என்பார்கள். தண்ணீர்ப் பயம் மனிதனுக்கு வருவது. வெறிநாய் தண்ணீர்த் தட்டுக்குப் போகும், வாயும் வைக்கும்.

எச்சில் கைக் கீறலில் பட்டால் போதும். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயத்தில் இன்றும் சிலர் மறைக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்து, குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாரானதுதான், 2004-ம் ஆண்டோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. ஒரு மாதத்துக்குள் நாலைந்து தடவை. நோய் வெளிப்பட்ட பிறகு போட்டுப் பயனில்லை.

சந்தேகமான நாயை அடிக்கவோ அவிழ்த்து விரட்டவோ வேண்டாம். ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கால்நடை டாக்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கடைசியாக என்றைக்குத் தின்றது, யார் யார் அதைத் தொட்டார்கள், வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டது என்று டாக்டர் கேட்பார். ஊசி போட்ட அட்டையைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.