மூலிகையிலிருந்து மருந்துக்கு – 11: கடுக்காய்ச் சாற்றில் செத்த செல்கள்

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைக் காடுகளில் கடுக்காய் மரம் நிறைய உண்டு. பனிக்காலத்தில் காய் முற்றும். மலையாளிப் பழங்குடி மக்கள் பொறுக்கி, காயவைத்து, மூட்டை கட்டி விற்பார்கள். அந்த மூட்டை நாட்டு மருந்துக் கடைக்கும் போகும், தோல் பதனிடும் தொழிலுக்கும் போகும். தோலுக்குப் போவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

‘கடுக்காய் புற்றுநோயைக் கொல்லும்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது முழுக்கக் கட்டுக்கதையா? இல்லை. 2002இல் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுக்காயை 70 சதவீத மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தார்கள். மார்பகம், எலும்பு, புராஸ்டேட் ஆகியவற்றின் புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றின்மேல் அந்தச் சாற்றை விட்டுப் பார்த்தார்கள். செல்கள் செத்தன.

சாறு என்பது நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அதில் கொன்றது எது? இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிக்கும். சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் செல்களின்மேல் சோதிக்க வேண்டும். எந்தப் பகுதி கொல்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி பிரிக்க வேண்டும், மறுபடி சோதிக்க வேண்டும். ஒரே மூலக்கூறு கையில் நிற்கும்வரை இது ஓயாது. துர்க்கு ஆய்வாளர்கள் உயிருள்ள செல்லில் மட்டுமே தங்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை அளந்து அளந்து இந்த வழியில் போனார்கள். பிரித்துச் சோதித்தவற்றுள் முதலிடத்தில் நின்றது செபுலினிக் அமிலம். செல் வளர்ச்சியைப் பாதியாக்க 53.2 மைக்ரோமோலார் தேவைப்பட்டது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு ஏறக்குறைய 51 மில்லிகிராம்.

இது அதிகமான அளவு. நித்யகல்யாணியிலிருந்து வந்த புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவிலேயே செல் பிரிவதை நிறுத்திவிடும். தவிர, செபுலினிக் அமிலம் பருத்த மூலக்கூறு. விழுங்கினால் அப்படியே ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. குடல் நுண்ணுயிர்கள் அதை உடைத்துப் போடுகின்றன. தட்டில் கிடந்த செல்லுக்குக் கிடைத்த அளவு, உடம்புக்குள் இருக்கும் கட்டிக்குக் கிடைக்காது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. ஒப்பீட்டுக்காகப் புற்றுநோய்த் தன்மை இல்லாத புராஸ்டேட் செல்களையும் வைத்திருந்தார்கள். சாறு அவற்றையும் கொன்றது. குறைந்த அளவில் சில செல்கள் தாமாக ஒடுங்கி மடிந்தன. அளவு கூடியபோது பெரும்பாலானவை சிதைந்தே செத்தன. நேர்மையான ஆய்வு என்பதால் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும்போது இந்த வரிகள்தான் உதிர்ந்துபோகின்றன.

தோல் தொழிலுக்கு வருவோம். கடுக்காயின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின். நாக்கில் துவர்ப்பது அதுதான். ஆவாரம் பட்டையோடு கடுக்காயைச் சேர்த்துத் தோல் பதனிட்டதற்குக் காரணமும் அதுதான்: டானின் தோலின் புரதத்தைப் பற்றி இறுக்கி, அழுகாமல் காக்கிறது. எந்தப் புரதம் என்று அது பார்ப்பதில்லை. செல்லின் மேலுள்ள புரதம், சோதனைக்கு வைத்த நொதி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். செபுலினிக் அமிலமும் டானின் வகைதான். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தாவரச் சாறுகளைச் சோதித்தது. டானின் மிகுந்த சாறுகள் வீண் நம்பிக்கை தருகின்றன என்று கண்டு, முதலில் டானினை நீக்கிவிட்டுச் சோதிப்பதை அங்கே வழக்கமாக்கினார்கள்.

நம் கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் நடப்பது 1983இல் மோஸ்மன் வகுத்த எம்டிடி சோதனை. உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு. துவர்ப்புச் சாறுகள் செல்லே இல்லாமலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கக்கூடியவை. ஆகவே செல் இல்லாத குழியிலும் சாற்றை ஊற்றிப் பார்க்க வேண்டும், புற்றுநோய் இல்லாத செல்லையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கல்வராயன் மூலிகையை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இந்த இரண்டையும்தான். இவை இல்லாத ஆய்வைப் படித்து ஒருவர் புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போவதைத் தள்ளிப்போட்டால், கட்டி காத்திருக்காது. கடுக்காய்ப் பொடியை மலச்சிக்கலுக்குச் சாப்பிடுங்கள். சிகிச்சையில் இருப்பவர் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

டானினை நீக்கிய பிறகும் கடுக்காயில் டிரைடெர்பினாய்டுகள் போன்ற பொருள்கள் மிஞ்சுகின்றன. அவற்றின் வேலை என்ன என்பது தனியாகச் சோதிக்கத் தகுந்த கேள்வி.

அடுத்த வாரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, பம்பாய் சிபா ஆய்வு மையத்தில் இருந்தபோது விஸ்வநாதனுடன் சேர்ந்து 1972இல் ஒரு மரத்தில் காம்ப்டோதெசினைக் கண்டறிந்து எழுதினார். அந்த மூலக்கூறின் வழிவந்த இரண்டு மருந்துகள் இன்று புற்றுநோய் வார்டுகளில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கின்றன.