ஆகஸ்ட் 1-க்குள் உங்கள் பிள்ளையின் பெயர் ஏறிவிட்டதா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஜூன் மாதம் பிறந்தால் இதே கதைதான். தாய் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்ப்பார், தகப்பன் தோல் பதனிடும் டேனரிக்குப் போவார். ஏற்றுமதி ஆர்டர் குறைந்து வேலை நாள் சுருங்கியதும் தனியார் பள்ளிக் கட்டணம் கழுத்தை நெரிக்கும். பிள்ளையைத் தெருக்கோடி அரசுப் பள்ளிக்கு மாற்றுவார்கள். கட்டண பாக்கியைக் காரணம் காட்டிப் பழைய பள்ளி டிசி (மாற்றுச் சான்றிதழ்) தராது. புதிய பள்ளியின் தலைமை ஆசிரியர், "டிசி வரட்டும், பிறகு பெயரை ஏற்றலாம், இப்போதைக்கு உட்காரட்டும்" என்பார். பெற்றோரும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். தீபாவளி வந்து போகும். பிள்ளை வகுப்பில் இருக்கும், கணக்கில் இருக்காது.

கணக்கில் இல்லாத பிள்ளைக்கு ஆசிரியரும் இல்லை, பணமும் இல்லை. இது பெற்றோர் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அலுவலர்கள் சொல்வதும் இல்லை.

இரண்டு தேதிகள்

தமிழ்நாட்டில் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பதை ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே நிர்ணயிக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 ஆனால் 3, 91 ஆனால் 4, 121 ஆனால் 5. அறுபத்தோராவது பிள்ளை பதிவில் ஏறாவிட்டால், ஐந்து வகுப்புகளையும் இரண்டே பேர்தான் இழுக்க வேண்டும். இருக்கிற மூன்றாவது ஆசிரியரும் 'உபரி' என்று வேறு ஊருக்கு மாற்றப்படுவார். பிறகு "எங்கள் பள்ளியில் வாத்தியாரே இல்லை" என்று ரோட்டில் உட்கார்ந்து பயனில்லை.

அடுத்தது செப்டம்பர் 30. நாடு முழுவதும் நடக்கும் யுடைஸ் என்ற பள்ளிக் கணக்கெடுப்புக்கு அடிப்படையான நாள் அது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் இந்தத் தலைக்கணக்கைப் பார்த்துத்தான் கிடைக்கும். 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1,00,000. ஒரே ஒரு பெயர் விடுபட்டாலும் சின்னப் பள்ளிக்கு 15,000 ரூபாய் போய்விடும். சுண்ணாம்பு, துடைப்பம், கழிவறைச் சுத்தம், மின்விளக்கு எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்க வேண்டும்.

இந்தத் திட்டப் பணத்தில் மேலிடத்துச் சண்டையும் இருக்கிறது. ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை அந்த அரசு நிறுத்தி வைத்தது. அந்தச் சண்டையை அரசுகள் பார்த்துக்கொள்ளட்டும். நம் தெருப் பள்ளியின் எண்ணிக்கையாவது சரியாக இருக்க வேண்டாமா?

டிசி இல்லையென்றால் சேர்க்கை இல்லையா?

எட்டாம் வகுப்பு வரை டிசி கைக்கு வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. டிசியை இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுப்பதை 14-ஆம் பிரிவு தடுக்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. டிசி என்பது கட்டண பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி விவரத்தை அதில் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் "டிசி வரட்டும்" என்பது சட்டம் அறியாத பேச்சு, அல்லது வேலை செய்ய மனமில்லாத பேச்சு.

செய்ய வேண்டியது இது:

1. பழைய பள்ளிக்கு எழுத்தில் டிசி கேளுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) எண், சேரப்போகும் பள்ளி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் கேட்டது எந்த அலுவலகத்திலும் செல்லாது.

2. டிசி காகிதம் மட்டும் போதாது. பழைய பள்ளி எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரை 'காமன் பூல்' பகுதிக்கு விடுவிக்க வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பழைய பள்ளி அசையாவிட்டால் புதிய பள்ளியிலிருந்தே கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள்.

3. அதற்கும் நகராவிட்டால், முத்திரை வாங்கிய நகலை இணைத்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்) மனு கொடுங்கள். அதன் நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். மேல்விஷாரமும் வாலாஜாவும் இராணிப்பேட்டை. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர். இன்னும் ஆம்பூர்க்காரர்கள் மனுவோடு வேலூர் சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஒரு நாள் கூலி போய், "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமைதான். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் இடிந்து இறந்த 10 பேரில் 9 பேர் மேற்கு வங்கத் தொழிலாளர்கள். உழைப்பு மட்டும் வேண்டும், பிள்ளைகள் வேண்டாம் என்று சட்டம் சொல்லவில்லை. மொழி தெரியாது, பாதி ஆண்டு போய்விட்டது என்றெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்ப எந்தப் பள்ளிக்கும் அதிகாரமில்லை.

பதிவில் என்ன எழுதியிருக்கிறது?

பெயர் ஏறினால் மட்டும் போதாது. எமிஸ், யுடைஸ் பதிவில் தாய்மொழி, பயிற்று மொழி, மதம், சாதிப் பிரிவு, வருமானம் என்று பல கட்டங்கள் உண்டு. யாரோ அவசரத்தில் நிரப்புவதைப் பெற்றோர் ஒருவரும் பார்ப்பதில்லை.

உருது வழிப் பிள்ளைக்குப் பயிற்று மொழி 'தமிழ்' என்று பதிவானால், உருது ஆசிரியர் பணியிடத்துக்கான கணக்கிலிருந்து ஒரு தலை குறையும். இஸ்லாமியப் பிள்ளைகளுக்குச் சாதிக் கட்டத்தில் வெறுமனே 'முஸ்லிம்' என்று எழுதுவது இன்னொரு பிழை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் இருப்பவை அன்சார், தக்னி, தூதேகுலா, லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது என்ற ஏழு பிரிவுகள். 3.5 சதவீத இட ஒதுக்கீடு இவர்களுக்குத்தான். சாதிச் சான்றில் உள்ள பிரிவே பதிவிலும் இருக்க வேண்டும். பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

தலைமை ஆசிரியரிடம் போய், "என் பிள்ளையின் எமிஸ் விவரத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேட்காமல் விடும் பணம்

தோல் உரிப்போர், தோல் பதனிடுவோர் பிள்ளைகளுக்கென்றே முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரு கல்வி உதவித்தொகை இருக்கிறது. சுகாதாரக் கேடான தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கான திட்டம் என்று அலுவலகத்தில் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து படிப்பவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய், விடுதி மாணவருக்கு 8,000. சாதி, மதம், வருமான வரம்பு எதுவும் கிடையாது. டேனரி சூழ்ந்த ஊரில் இதைக் கேள்விப்படாத குடும்பங்கள் ஏராளம். அதே சமயம், ஷூ தைப்பது தோல் பதனிடும் வேலையாகாது. தவறாக எழுதி மனுவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோரின் தொழிலுக்கு உள்ளாட்சி அலுவலரின் சான்று வேண்டும். அந்த ஆண்டுப் படிவத்தைத் தலைமை ஆசிரியரிடமோ, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலோ வாங்குங்கள். பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு கட்டாயம். கணக்கு இணையாததால் திரும்பிப் போகும் பணத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

இன்னொன்று. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்க, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கேட்பவருக்கும் அரசுப் பள்ளிப் படிப்பே அடிப்படை. நடுவில் கட்டணம் கட்டி ஓராண்டு தனியார் பள்ளியில் சேர்த்தால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். சேர்க்கும் முன் யோசியுங்கள்.

கணக்கைக் கேட்கும் இடம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. கூட்டத்துக்குப் போகாமல் வீட்டுக்கு வரும் நோட்டில் கையெழுத்து மட்டும் போடும் உறுப்பினரால் பள்ளிக்கு ஒரு பயனும் இல்லை. கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எமிஸில் எத்தனை, மானியம் எவ்வளவு வந்து எதற்குச் செலவானது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல்ல மறுத்தால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

புகாருக்கு 14417 என்ற கல்வி உதவி எண், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம், அதற்கும் மேலே மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் என்று வழிகள் உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது முத்திரை வாங்கிய நகலைத்தான்.

மறுபடியும் சொல்கிறேன்: ஆகஸ்ட் 1, செப்டம்பர் 30. இந்த இரண்டு தேதிகளுக்குள் பிள்ளையின் பெயர் பதிவில் ஏறியதைக் கண்ணால் பாருங்கள். "ஏற்றிவிட்டோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.