வீட்டிலும் ஒரு போகக் கூட்டம்

குளத்து நீரை நம்பிக் கமம் செய்தவர் எவருக்கும் போகக் கூட்டம் புதியதல்ல. காலபோகமோ சிறுபோகமோ தொடங்குமுன் கமக்காரர்களும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் கமநல சேவை நிலையத்தாரும் ஒன்றாகக் கூடுவர். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்தத் திகதியில் குளம் திறப்பது, விதைப்புக்குக் கடைசித் திகதி எது, எத்தனை மாத நெல் விதைப்பது, வாய்க்காலை யார் துப்புரவாக்குவது, மாடுகளை எந்த நாளுக்குள் வயல்வெளியிலிருந்து அகற்றுவது என்பன அங்கே பேசித் தீர்மானிக்கப்படும். இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1902 இல் கட்டத் தொடங்கி 1920 இல் நிறைவுபெற்ற அக்குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. சிறுபோகத்தில் அவ்வளவுக்கும் தண்ணீர் போதாது. ஆகவே நீர்மட்டத்தைப் பார்த்து, எவ்வளவு ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசியே முடிவெடுக்கிறார்கள். சண்டை சச்சரவு வராமல் இல்லை. ஆனாலும் கூட்டம் நடத்தியே போகம் தொடங்கும்.

இருக்கிற தண்ணீர் குறைவு, கேட்கிற வயல் அதிகம் என்பதால்தான் அங்கே பேச வேண்டியிருக்கிறது. எமது வீடுகளின் நிலையும் இதுவே. கையில் இருக்கும் காசு குறைவு, வேலைக்கு ஆட்கள் குறைவு, நேரமும் குறைவு. தேவைகளோ அதிகம். அப்படியிருந்தும் வீட்டில் இப்படியொரு கூட்டம் நடப்பதில்லை. தகப்பன் தன் மனதில் ஒரு கணக்கை வைத்திருக்கிறார். தாய் இன்னொரு கணக்கை வைத்திருக்கிறார். வளர்ந்த பிள்ளைகளிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தக் குறை ஏன் கூடுதலாகக் காணப்படுகிறது, அதனால் வரும் நட்டம் என்ன, அதை எவ்வாறு நிவர்த்தி செய்யலாம் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

வேலையோடு கலந்திருந்த பேச்சு

முன்னைய நாட்களில் கமக்காரக் குடும்பங்கள் பேசுவதற்கென்று தனியாக உட்கார்ந்ததில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வலிகாமத்துத் தோட்டங்களில் ஒருவர் கிணற்றடியில் நிற்க, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். வெங்காயம் கிண்டிக் காயவிட்டுப் பிடி கட்டும்போது தாயும் பிள்ளைகளும் சுற்றியிருப்பார்கள். வன்னியில் பன்றிக்கும் யானைக்கும் காவலாகத் தகப்பனும் மகனும் இரவில் பரணில் விழித்திருப்பார்கள். சூடடிக்கும் காலத்தில் சொந்தம் முழுவதும் களத்தில் நிற்கும்.

கை வேலை செய்ய, வாய் பேசிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமான விடயத்தைக்கூட மண்ணைப் பார்த்தபடி சொல்லிவிட முடிந்தது. மகளுக்கு வந்த சம்பந்தம், மகனின் படிப்பு, அடகில் இருக்கும் நகை, அடுத்த போகத்துக்கான விதைநெல் ஆகிய எல்லாமே வரம்பிலும் கிணற்றடியிலும்தான் பேசப்பட்டன. “இஞ்சாருங்கோ, மேற்குப் பக்கக் காணியை இந்த முறை சும்மா விடுவமே?” என்று மனைவி களை பிடுங்கிக்கொண்டே கேட்பார். கணவன் உடனே மறுமொழி சொல்லமாட்டார். இரண்டு நாளின் பின் அதற்கான விடை வரும். அந்த இரண்டு நாளும் அவர்கள் ஒரே வேலையில்தான் நின்றார்கள் என்பதால் கேள்வி மறந்துபோகவில்லை.

இடப்பெயர்வு செய்தது என்ன?

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய பல குடும்பங்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ நேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. 2009 இல் வன்னி மக்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டார்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். இந்தக் காலங்களில் வீடு, வளவு, ஆடு, மாடு ஆகியவற்றை இழந்ததை நாம் கணக்கிட்டுச் சொல்கிறோம். பேச்சு இழந்ததை எவரும் கணக்கிடவில்லை.

முதலாவதாக, சேர்ந்து செய்யும் வேலை இல்லாமற் போயிற்று. வேலை போனபோது அதனோடு கலந்திருந்த பேச்சும் போயிற்று. இரண்டாவதாக, கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையில் ஒரு தறப்பாள் மட்டுமே இருந்தது. கணவனும் மனைவியும் பேசுவது அயலுக்குக் கேட்கும். ஆகவே முக்கியமானவற்றைப் பேசாமல் விடுவது பழக்கமாயிற்று. மூன்றாவதாக, வீட்டில் ஒவ்வொருவருடைய இடமும் மாறியது. நிவாரண வரிசையிலும் அலுவலகங்களிலும் தாய்மார் நின்றார்கள். பத்து ஏக்கர் விதைத்த தகப்பன் செய்வதற்கு ஒன்றுமின்றி மரத்தின் கீழ் இருந்தார். அவரிடம் எதையும் கேட்டால் மனம் நோகும் என்று மனைவி கேட்காமல் விட்டார். தன்னிடம் எவரும் கேட்பதில்லை என்று அவர் நினைத்தார். நான்காவதாக, இறந்தவர்களையும் காணாமற் போனவர்களையும் பற்றிய பேச்சை எடுத்தால் அழுகை வரும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். அந்த ஒன்றைத் தவிர்ப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் தவிர்த்த வீடுகளும் உண்டு.

ஊர் திரும்பியோருக்கும் மாற்றுக் காணியில் குடியேறியோருக்கும் வேலை மீண்டும் கிடைத்தது. ஆனால் அது முந்திய வேலை அல்ல. பல நாள் பல கைகள் செய்த அரிவு வெட்டையும் சூடடிப்பையும் இன்று வெட்டு மெசின் சில மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. கணவன் மேசன் வேலைக்குப் போகிறார். மகள் விடியமுன் ஆடைத் தொழிற்சாலை வாகனத்தில் ஏறுகிறாள். மகன் கைத்தொலைபேசியோடு இருக்கிறான். வீட்டார் எல்லோரும் ஒன்றாக நிற்கும் வரம்பு இல்லாமற் போய்விட்டது. எனவே தானாக நடந்த பேச்சை இனி நாமாகவே நடத்த வேண்டியுள்ளது.

பேசாததால் வரும் நட்டம்

கடனை முதலில் பார்ப்போம். 2009 இன் பின் வடக்குக் கிழக்குக் கிராமங்களுக்குள் நுண்கடன் நிறுவனங்கள் பெருமளவில் வந்தன. பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணை நிற்க வைத்துக் கடன் கொடுத்தன. கட்டுப்பணம் பெரும்பாலும் கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். இங்கேதான் சிக்கல். நெல் கமக்காரனின் காசு கிழமைக்குக் கிழமை வருவதில்லை. மூன்றரை மாத நெல்லானால் உழவு தொடங்கி நெல் விற்றுக் காசு கையில் வரக் குறைந்தது 16 கிழமைகளாவது செல்லும். கிழமைக்கு 1,500 ரூபா கட்டவேண்டிய கடனென்றால், நெல் வீட்டுக்கு வருமுன்பே 24,000 ரூபா கட்டியாக வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியைக் கணவனும் மனைவியும் கையொப்பத்துக்கு முன் சேர்ந்து கேட்டிருந்தால் பல கடன்கள் எடுக்கப்பட்டிரா. கேட்காதபடியால், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க நகை என்று போயிற்று. கணவனுக்குத் தெரியாமல் எடுத்த கடன் கதவடியில் வந்து கத்தும்போதுதான் வீட்டாருக்குத் தெரியவந்தது. 2018 இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு இந்தத் துன்பம் பெருகியிருந்தது.

பெண்களை மட்டும் இதில் குறை சொல்வது நியாயமல்ல. அடுப்பெரிய வேண்டுமென்ற பொறுப்பைத் தாயின் தலையில் வைத்துவிட்டு, காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் சாப்பிட்ட வீடுகளில்தான் மறைவான கடன் வளர்ந்தது.

அடுத்தது காணி. குடியேற்றத் திட்டங்களில் உள்ள குடும்பங்கள் பல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரத்தில் காணி வைத்திருக்கின்றன. தமக்குப் பின் காணி யாருக்கு என்பதைப் பெர்மிட்காரர் தம் வாழ்நாளிலேயே பிரதேச செயலகத்தில் பதிவுசெய்யலாம். இவ்வாறு பதியப்படுபவரைப் பின்னுரித்தாளர் என்பர். பதியாமல் அவர் இறந்தால், சட்டத்தில் உள்ள வரிசைப்படியே உரிமை செல்லும். அந்த வரிசை நெடுங்காலம் மகன்மாரையே முன்னிறுத்தியது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆண், பெண் என்ற வேறுபாடு நீக்கப்பட்டது. இது எத்தனை வீடுகளில் பேசப்பட்டிருக்கிறது? “அப்பு இருக்கும்போது அதைப் பற்றிக் கேட்டால் சாகச் சொல்வதுபோல் இருக்கும்” என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அப்புவோ, பிள்ளைகள் கேட்கட்டும் என்று இருக்கிறார். பின்னர் சகோதரங்கள் மத்தியஸ்த சபையில் எதிரெதிராக நிற்கிறார்கள்.

கூட்டத்தை எப்படி நடத்துவது?

ஆண்டுக்கு இரண்டு நாள் போதும். மழையை நம்பி விதைப்போருக்கு ஆவணி மாதம் பொருத்தமானது. புரட்டாதியில் உழவு தொடங்கிவிட்டால் இருந்து பேச நேரம் கிடையாது. அடுத்தது அறுவடை முடிந்து நெல் விற்குமுன், தை பிற்பகுதியில் அல்லது மாசியில். இரவுச் சாப்பாட்டின் பின் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் சரி. பாடசாலைக் கொப்பி ஒன்றும் பேனையும் வேண்டும். எழுதக்கூடிய பிள்ளை எழுதட்டும். பின்வரும் ஐந்து கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பேசுங்கள்.

1. எவ்வளவு விதைப்பது? காணி எவ்வளவு உண்டு என்பதைக் கொண்டு மட்டும் தீர்மானிக்காதீர்கள். ஏக்கருக்கு 2 புசல் விதை என்றால் 3 ஏக்கருக்கு 6 புசல் வேண்டும். வீட்டில் விதைநெல் எவ்வளவு இருக்கிறது, வாங்குவது எவ்வளவு என்று எழுதுங்கள்.

2. யார் எந்த வேலை? வயல் வேலையோடு தண்ணீர் எடுப்பது, சமைப்பது, அம்மம்மாவைப் பார்ப்பது, ஆட்டுக்குக் குழை ஒடிப்பது என்பவற்றையும் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் ஒருவர் பெயரே திரும்பத் திரும்ப வருவது தெரியும். அநேகமாக அது தாயின் பெயராக இருக்கும். அதில் எதை மாற்றிக்கொடுக்கலாம் என்று கேளுங்கள்.

3. காசு எங்கிருந்து வரும், எப்போது திரும்பக் கட்டுவது? இருக்கும் கடன்கள் எல்லாவற்றையும், அடகில் இருக்கும் நகை உட்பட, அன்றைக்கு வெளியே வைக்க வேண்டும். அன்று சொல்லப்பட்ட கடனுக்காக எவரும் ஏச்சு வாங்கக் கூடாது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஏச்சு விழுந்தால் அடுத்த முறை அந்தக் கடன் மறைந்துவிடும்.

4. பிழைத்தால் என்ன செய்வது? மழை பிந்தலாம், வெள்ளம் வரலாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்படுவதற்குள் காலபோக விதைப்பு தொடங்கிவிட்டது. அப்படியொரு நிலை வந்தால் எந்த ஏக்கரைக் கைவிடுவது, எந்தச் செலவை நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

5. விளைச்சல் வந்தால் முதலில் எதற்கு? விதைநெல், வீட்டுச் சாப்பாட்டு நெல், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று வரிசைப்படுத்துங்கள். களத்தில் வியாபாரி காசோடு நிற்கும்போது யோசிக்க முடியாது.

காணிப் பத்திரத்தை இரண்டில் ஒரு கூட்டத்திலாவது எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் பதியப்பட்டுள்ளாரா என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். காணாமற் போனவரின் பெயரில் காணி உள்ள குடும்பங்களில் இந்தப் பேச்சு மிகவும் வேதனையானது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் மூலம், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள், ஆள் காணாமற் போனமைக்கான சான்றிதழைப் பெற வழி உண்டு. அதைப் பெறுவதா என்பதை அக்குடும்பமே முடிவுசெய்யட்டும். வெளியார் அவசரப்படுத்தக் கூடாது.

காது கொடுத்தல்

கூட்டம் வைத்தாலும் ஒருவரே பேசி முடித்தால் பயனில்லை. அப்பா முதலில் பேசினால் மற்றவர்கள் அதற்கு ஒத்துப்போவார்கள். ஆகையால் இளையவரிலிருந்து தொடங்குங்கள். “தம்பி, நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டபின், அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். “ஏன் இப்படிச் செய்தனீர்?” என்ற கேள்வி வாயை அடைக்கும். “இனி என்ன செய்யலாம்?” என்ற கேள்வி வாயைத் திறக்கும். மது அருந்திய இரவில் கூட்டம் வேண்டாம். பழைய கோபங்களை எடுக்கவும் வேண்டாம்.

கணவரை இழந்த தாய்மார், “நான் யாரோடு கூட்டம் வைப்பது?” என்று கேட்கலாம். பதினைந்து வயது மகளோடு வையுங்கள். தாயோடு, சகோதரியோடு, நம்பிக்கையான அயலவரோடு வையுங்கள். தனியே சுமக்கும் கணக்கை இன்னொருவர் காதில் போட்டாலே அதன் பிழைகள் தெரியத் தொடங்கும். இன்னும் சொந்தக் காணிக்குப் போகாதவர்கள், “விதைக்க நிலமில்லாத எமக்கு என்ன கூட்டம்?” என்று எண்ண வேண்டாம். கூலி வேலை, நிவாரணம், பிள்ளைகளின் படிப்பு, திரும்பிப் போவதா இங்கேயே இருப்பதா என்ற கேள்வி ஆகியவை உங்களிடம் உண்டு. அந்தக் கடைசிக் கேள்விக்கு முதியவர் ஒரு விடையும் இளையவர் வேறொரு விடையும் வைத்திருப்பார்கள். இருவரும் ஒருவர் விடையை மற்றவர் அறியாமலே வாழ்வதைப் பல வீடுகளில் காண்கிறோம்.

முதற் கூட்டம் சரிவராமல் போகலாம். பாதியில் யாராவது எழுந்து போகலாம். குளத்தடிக் கூட்டங்களிலும் அப்படி நடப்பதுண்டு. ஆனாலும் அடுத்த போகத்துக்கு எல்லோரும் திரும்ப வந்து இருப்பார்கள். கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைத் திறந்து, சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்துவிட்டுப் புதிய பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள்.