நூல் வெளியீட்டு விழாவும் நம் கடையும்

மாதனூர் போன்ற ஊரில் நோட்டு, பேனா விற்கலாம். கதைப் புத்தகத்துக்கென்று கடை வைத்துப் பிழைக்க முடியாது. ஆகவே உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் மாயாஜாலக் கதை எழுதிச் சொந்தக் காசில் அச்சிட்டால், விழாவுக்கு இடம் கேட்டு நம்மிடம்தான் வருவார். இடம் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை.

மந்திரவாதி, பறக்கும் குதிரை என்றதும் சிலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். இது நமக்குப் புதிய சரக்கே அல்ல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் விற்றவைதாமே.

முதலில் எழுத்தாளரின் கணக்கைப் பார்ப்போம். உதாரணமாக, 300 பிரதி அச்சிட ஒன்றுக்கு 70 ரூபாய் வீதம் 21,000 ரூபாய் முதல். விலை 150 ரூபாய். விற்பனையாளருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. அதுவும் பல மாதம் கழித்து. முதலை எடுக்க 216 பிரதி விற்க வேண்டும். விழாவில் நேரடியாக ரொக்கத்துக்கு விற்றால் 140 பிரதியிலேயே முதல் வந்துவிடும். விழா அவருக்குக் கொண்டாட்டம் மட்டுமல்ல, கொள்முதல் பணம் திரும்பும் நாள்.

நம் பக்கத்து விழாக்களில் நடப்பது வேறு. மேடையில் இருபது பேருக்குப் பொன்னாடை, ஆளுக்கு அரைமணிப் பேச்சு, கூட்டம் கலைந்த பிறகு கட்டுப் பிரிக்காத புத்தகம். ஒரு சால்வை 150 ரூபாய் என்றால் அது ஒரு புத்தகத்தின் விலை. சால்வை பீரோவில் கிடக்கும். அதற்குப் பதில் முதல் பிரதி வாங்கும் வணிகர் பத்துப் பிரதிக்குப் பணம் கொடுத்து, கடை ஆட்களின் பிள்ளைகளுக்கு வழங்கலாம்.

மும்பையைச் சேர்ந்த அமீஷ் திரிபாதி நிதித்துறையில் வேலை பார்த்தவர். சிவபெருமானை நாயகனாக வைத்து அவர் எழுதிய 'மெலூஹாவின் அமரர்கள்' ஆங்கில நூலைப் பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பினார்கள். 2010-ல் பெரிய பதிப்பகத்தின் துணையில்லாமலே வெளியிட்டார்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சிட்டு, புத்தகக் கடைகளின் பில் போடும் இடத்தில் இலவசமாகக் கொடுக்கச் செய்தார். பிறகு அது லட்சக்கணக்கில் விற்றது. நாம் புதுச் சோப்புக்கு மாதிரி வில்லை கொடுப்பதில்லையா, அதே முறைதான். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே முதல் அத்தியாயத்தை எட்டுப் பக்கத்தில் அடித்து மளிகைப் பையில் போட்டு அனுப்பலாம். எண்ணெய் டின் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகிறவர்கள் வீடு திரும்ப மாலையாகிவிடும். சம்பளம் கைக்கு வந்த வாரத்தில், ஆறரை மணிக்கு வைத்தால் பிள்ளைகளோடு வருவார்கள். மூன்று பேர் பேசினால் போதும். பள்ளிப் பிள்ளை ஒருவரை விட்டு ஒரு அத்தியாயம் படிக்கச் சொல்லுங்கள். வேதாளம் வாய் திறக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மீதியைப் புத்தகத்தில்தான் பார்க்கலாம். நூறு பேருக்கு நான்கு கிலோ கொண்டைக்கடலைச் சுண்டலும் டீயும் தாராளம். ஆம்பூர் பக்கத்தில் இருக்கிறோம் என்று பிரியாணி போட்டால் கூட்டம் சேரும், பிரியாணிக்காக.

நமக்கு என்ன லாபம் என்று கேட்பது நியாயமே. இதுவரை நம் படி ஏறாத குடும்பங்கள் ஒருமுறை ஏறி, அடுக்கியிருக்கும் சரக்கைப் பார்க்கும். அன்றைக்குப் புத்தகத்தில் பங்கு கேட்க வேண்டாம்.

பணத்தை நம் கல்லாவில் சேர்க்கக் கூடாது. தனிப் பெட்டி, தனி ரசீதுப் புத்தகம், கியூ.ஆர். அட்டையும் எழுத்தாளருடையதாக இருக்கட்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நம் விற்றுமுதலோடு கலந்தால் பிறகு ஆடிட்டரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். விழா முடிந்ததும் மீதிப் பிரதியை எண்ணி எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதில் பத்துப் பிரதியைப் பத்து சதவீதக் கழிவில் நம் கடை முன்பலகையில் வைத்துக்கொள்ளலாம். விற்றதற்கு மாதம் பிறந்ததும் பணம் கொடுத்துவிடுங்கள், தீபாவளி வரை இழுக்க வேண்டாம்.