கப்பிஸ்திரானோவின் கற்கோவில்

கலிபோர்னியாவின் தென்பகுதியில், கடலினின்று சிறிது தொலைவில், கூரையிழந்த கற்கோவில் ஒன்று நிற்கிறது. 2015-ல் புனிதராக உயர்த்தப்பெற்ற இஸ்பானியத் துறவி யுனிப்பெரோ செரா 1776-ல் நிறுவிய புனித யோவான் கப்பிஸ்திரானோ மிஷன் அது. மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று தகைவிலான் குருவிகள் தவறாது அங்கே திரும்பிவரும் என்பது உலகறிந்த கதை. (1990-களில் இடிபாடுகளைச் செப்பனிடக் கூடுகளை அகற்றியபின் அவை வேறிடம் நாடின. பறவைகளுக்கு நாட்காட்டி ஏது!)

நம் நெஞ்சைத் தொடுவது வேறொரு கதை. தந்தை தடுத்த காதலுக்குப் பரிகாரமாக, மதலேனா என்னும் கன்னி மெழுகுதிரி ஏந்திக் கோவிலுள் நடந்தாளாம். அவ்வேளை நிலம் அதிர்ந்ததாம். நிலவு பாதியாயிருக்கும் இரவுகளில் இடிந்த சாளரத்தில் அவள் முகம் தெரியும் என்பர்.

நிலம் அதிர்ந்தது மெய்யே. 1812 டிசம்பர் 8, அமலோற்பவ அன்னையின் திருநாள். காலைத் திருப்பலி வேளையில் கூரை சரிந்து 40 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அம்மண்ணின் பழங்குடியினரான அஹாஷ்மென் மக்கள். 1797 முதல் ஒன்பது ஆண்டுகள் அக்கற்களைச் சுமந்து வந்தவர்களும் அம்மக்களே. கோவில் நின்றதோ ஆறே ஆண்டுகள். மதலேனாவைப் பாடும் கதை அவர்களுள் ஒருவர் பெயரையும் சொல்வதில்லை.

மணிக்கோபுரமும் அன்றே வீழ்ந்தது. அதன் நான்கு மணிகளை மறு ஆண்டு ஒரு தாழ்ந்த சுவரில் தொங்கவிட்டனர். அவற்றுள் சிறியவை இரண்டு இன்றும் அங்கே உள்ளன.