தாயத்துக் கூட்டில் ஒரு பௌதிகப் பாடம்

தாயத்து கட்டியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரபு நாடான ஏமனில் அதை 'ஹிர்ஸ்' என்பார்கள். 'காப்பு' என்று பொருள். உருளை வடிவான வெள்ளிக் கூடு. அதனுள் குர்ஆன் வசனம் எழுதிய தாள். கீழே சங்கிலிகளில் ஆடும் சிறு மணிகள். பெண்கள் அதைக் கழுத்தணியாகவே அணிந்து வந்தார்கள்.

உள்ளே இருக்கும் தாள் நம்பிக்கையைச் சேர்ந்தது. அதை அளக்கப் பௌதிகத்தில் கருவி கிடையாது. ஆனால் கூட்டின் மேற்புறத்தைப் பாருங்கள். கடுகினும் சிறிய வெள்ளிக் குருணைகள் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கின்றன. இவற்றை இவ்வளவு உருண்டையாக உருட்டியது யார்?

யாரும் உருட்டவில்லை! வெள்ளிக் கம்பியை நறுக்கி, துண்டுகளைக் கரியின்மேல் வைத்து உருக்கினால், அவை தாமாகவே உருண்டையாகின்றன. திரவத்தின் பரப்பு இழுவிசை, மேற்பரப்பை இயன்றவரை சுருக்கப் பார்க்கிறது. ஒரே கன அளவுள்ள வடிவங்களில் மிகக் குறைந்த பரப்புடையது கோளம் அல்லவா? துளி பெரிதானால் எடை வென்றுவிடும், துளி தட்டையாகும்.

சரி, குருணை உருகிவிடாமல் அதைக் கூட்டில் ஒட்டுவது எப்படி? தூய வெள்ளி 962 டிகிரி சென்டிகிரேடில் உருகும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். ஆனால் 72 பங்கு வெள்ளியுடன் 28 பங்கு செம்பு சேர்த்தால், கலவை சுமார் 780 டிகிரியிலேயே உருகிவிடுகிறது! பற்றாசின் இரகசியம் இதுதான். அதைப் பொடியாக்கி, வெண்காரத்துடன் வைத்துச் சூடேற்றுவார்கள். வெண்காரம் உலோகத்தில் படியும் ஆக்சைடைக் கரைத்துவிடும். உருகிய பற்றாசு குருணையின் அடியிலுள்ள இடுக்கில் தானே ஓடிப் புகும். நம் ஊர்ப் பத்தர் 'பொடி வைத்து ஊதுவதும்' இதே வேலைதான்.

ஏமனில் இவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலோர் யூதக் கொல்லர்கள். அணிந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 1949-50ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 49,000 யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குச் சென்றார்கள். பட்டறைகள் பல ஓய்ந்தன. நெருப்பின் நிறத்தைக் கண்டே சூட்டை அறிந்த கண்களும் அவர்களுடன் போயின. அந்த அறிவு ஏட்டில் எழுதியதன்று. தந்தை அருகில் அமர்ந்து மகன் கற்றது.

அடுத்த மழையில் சேப்பங்கிழங்கு இலையைக் கவனியுங்கள். சிறு துளி உருண்டையாகவும் பெரிய துளி தட்டையாகவும் இருக்கும். பிறகு உங்கள் தெருப் பத்தரின் பட்டறைக்குப் போய், அவர் எந்த நிறத்தில் ஊதுவதை நிறுத்துகிறார் என்று கேட்டு, குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.