உறக்கநிலைக்குச் செல்ல மறுக்கும் கணினி: காரணத்தைக் கணினியிடமே கேட்டறிவது எப்படி?

புது டெல்லி: மேசைக் கணினியில் 'ஸ்லீப்' எனப்படும் உறக்கநிலைக்கான பொத்தானை அழுத்திய பிறகும் அது இரவு முழுவதும் இயங்கிக்கொண்டே இருப்பது, பயனாளர்கள் பலரும் சந்திக்கும் சிக்கலாகும். டெல்லியின் துவாரகா போன்ற பகுதிகளில் இதற்குக் கூடுதல் விலை உண்டு. கோடை மாதங்களில், ஒரு வீட்டுக்கு மின்கட்டண மானியம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்த ஒரு இயந்திரத்தைப் பொறுத்து அமைந்துவிடக்கூடும்.

தலைநகரின் தென்மேற்கில், செக்டார்களாகப் பிரிக்கப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த துணைநகரம் துவாரகா. நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் குரு கோபிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகமும் இங்கேதான் அமைந்துள்ளன. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, இயந்திரக் கற்றல் ஆகிய பணிகளுக்கான 'ஒர்க்ஸ்டேஷன்' வகைக் கணினிகளில் பெரிய கிராபிக்ஸ் அட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். எந்த வேலையும் செய்யாமல் காத்திருக்கும் நேரத்திலும் இவை கணிசமான மின்சாரத்தை இழுக்கக்கூடியவை.

டெல்லியில் 2019 ஆகஸ்டு முதல் நடைமுறையில் உள்ள மானியத் திட்டத்தின்படி, மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் கட்டணம் இல்லை. 201 முதல் 400 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு, 800 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, பாதிக் கட்டணம் தள்ளுபடி செய்யப்படுகிறது. 400 யூனிட்டைத் தாண்டினால் மானியம் அறவே கிடையாது. 2022 அக்டோபர் முதல், விருப்பம் தெரிவித்துப் பதிவு செய்தோருக்கு மட்டுமே இச்சலுகை வழங்கப்படுகிறது.

காத்திருப்பில் 100 வாட் இழுக்கும் ஒரு கணினி, பயன்பாடின்றி நாளொன்றுக்கு 16 மணி நேரம் விழித்திருப்பதாகக் கொள்வோம். அதற்கு நாள்தோறும் 1.6 யூனிட், மாதத்துக்கு 48 யூனிட் செலவாகும். மற்றபடி 360 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் கணக்கு இதனால் 408 ஆகிறது. கூடுதலாக ஓடியது 48 யூனிட்தான் என்றாலும், பறிபோவது அந்த மாதத்தின் முழு மானியம். போதாக்குறைக்கு, கணினி வெளியிடும் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டியும் கூடுதலாக உழைக்க வேண்டும். 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் உச்ச மின்தேவை 8,656 மெகாவாட்டை எட்டியதற்குக் குளிரூட்டிகளே பெருங்காரணம். தமிழகத்திலும் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைக் கடந்தால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், இக்கணக்கு டெல்லிவாசிகளுக்கு மட்டும் உரியதன்று.

உறக்கநிலை என்பது என்ன?

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் இணைந்து 'ஏசிபிஐ' என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. கணினியின் மின்நிலைகளுக்கு அதில் எண்கள் தரப்பட்டன. 'எஸ்3' என்பது வழக்கமான உறக்கநிலை. இதில் செயலி, வட்டு, மின்விசிறி அனைத்தும் அணைந்துவிடும்; திறந்துள்ள கோப்புகளின் நினைவைக் காப்பதற்காக ரேமுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் செல்லும். 'எஸ்4' எனும் 'ஹைபர்நேட்' நிலையில், ரேமில் இருப்பவை வட்டில் எழுதப்பட்டு மின்சாரம் முற்றிலும் நிறுத்தப்படுகிறது.

பொத்தானை அழுத்தியதும் எஸ்3 நிலை வந்துவிடுவதில்லை. முதலில் இயங்கும் மென்பொருள்கள் உறையவைக்கப்படுகின்றன. பிறகு இணைக்கப்பட்ட சாதனங்கள் ஒவ்வொன்றாக அணைக்கப்படுகின்றன. அடுத்து, செயலியின் உட்கருக்களில் ஒன்றைத் தவிர மற்றவை நிறுத்தப்பட்டு, இறுதியாக மதர்போர்டின் நிலைப்பொருளிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. இச்சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மறுத்தாலும் மொத்த முயற்சியும் கைவிடப்படும். கணினி பழைய நிலைக்கே திரும்பும். திரையில் பெரும்பாலும் எந்த அறிவிப்பும் தோன்றாது. இந்த மௌனமே பயனாளரைத் திகைக்கவைக்கிறது.

ஆனால் மறுத்தது யார் என்பதைக் கணினி குறித்து வைத்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்குவது, இயங்குதளத்தையே மீண்டும் நிறுவுவது போன்ற கடும் முயற்சிகளில் இறங்குவதற்கு முன் அந்தக் குறிப்பைப் படிப்பதே முறை.

விண்டோஸில் விசாரணை

விண்டோஸ் கணினியில் இதற்கு உதவும் கட்டளை 'பவர்சிஎஃப்ஜி' என்பதாகும். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, இக்கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்று சேர்க்க வேண்டும். கணினியை உறங்கவிடாமல் அந்த நொடியில் தடுத்துக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியல் தோன்றும். பின்னணியில் ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும் பிரவுசர் பக்கம், முடிவுறாத கோப்புப் பதிவிறக்கம், வலையமைப்பு வழியாக வேறொரு கணினி திறந்து வைத்துள்ள கோப்பு ஆகியவை இதில் அடிக்கடி அகப்படுபவை. ஒலிச் சாதனத்தின் பெயர் மட்டும் தோன்றினால், அதைப் பயன்படுத்தும் செயலியை மூடுவதே தீர்வு. இவ்வகைத் தடைகள், குறிப்பிட்ட நேரம் கழித்துத் தானாக உறங்க வேண்டிய கணினியையே பெரும்பாலும் பாதிக்கின்றன.

உறங்கிய சில நொடிகளிலேயே கணினி விழித்துக்கொள்வது முற்றிலும் வேறு கோளாறு. உறங்கவே இல்லை என்று பயனாளர் கருதும் பல நேர்வுகள் உண்மையில் இவ்வகையைச் சேர்ந்தவை. அதே கட்டளையுடன் 'லாஸ்ட்வேக்' என்று சேர்த்தால், கடைசியாக எழுப்பிய சாதனம் எது என்பது தெரியவரும். 'வேக்டைமர்ஸ்' என்று சேர்த்தால், குறித்த நேரத்தில் எழுப்புமாறு முன்கூட்டியே கட்டளையிட்டுள்ள பணிகள் வெளிப்படும்.

எழுப்பியவை பெரும்பாலும் இரண்டாகவே இருக்கும்: மவுஸ், வலையமைப்பு அட்டை. மேசை அதிர்ந்து மவுஸ் இம்மியளவு அசைந்தாலும் அது விழிப்பதற்கான சமிக்ஞையாகிவிடும். வலையமைப்பு அட்டையோ, தொலைவிலிருந்து கணினியை எழுப்பும் வசதிக்காகக் காதைத் திறந்தே வைத்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் இச்சாதனங்களின் மின்மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து, கணினியை எழுப்பும் உரிமையை நீக்கிவிடலாம். அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து எழுப்ப வேண்டிய தேவை உள்ளவர்கள், 'மேஜிக் பாக்கெட்' எனப்படும் சிறப்புச் சமிக்ஞைக்கு மட்டும் அனுமதி அளிக்கும் தெரிவை இயக்கலாம்.

லினக்ஸில் படிப்படியான சோதனை

ஆய்வகங்களில் பரவலாக உள்ள லினக்ஸ் கணினிகள் இன்னும் வெளிப்படையானவை. உறங்கும் முயற்சி தோற்ற உடனே 'டிமெசெக்' கட்டளையின் வழியே கருவின் பதிவேட்டைப் பார்த்தால், எந்தப் படியில் எது மறுத்தது என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். மென்பொருள்களை உறையவைக்க லினக்ஸ் இயல்பாக ஒதுக்கும் அவகாசம் 20 நொடிகள். அதற்குள் ஒரு செயல்பாடு பணியாவிட்டாலும், அதன் பெயரைக் குறித்துவிட்டு முயற்சி நிறுத்தப்படும்.

கல்வி நிறுவன ஆய்வகங்களில் இதற்கு ஒரு வழக்கமான காரணம் உண்டு. மாணவர்களின் கோப்புகள் மையச் சர்வரில் இருந்து, அந்தச் சர்வருடனான தொடர்பு அறுந்துபோனால், கோப்புக்காகக் காத்திருக்கும் செயல்பாட்டை உறையவைக்க இயலாது. பழுது சர்வரில் இருக்க, பழியோ மேசைமேல் உள்ள கணினியின் மீது விழும்.

பதிவேடு துப்புத் தராதபோது, 'பிஎம் டெஸ்ட்' என்ற சோதனை வசதி கைகொடுக்கும். மென்பொருள்களை உறையவைப்பது வரை, சாதனங்களை அணைப்பது வரை, செயலிகளை நிறுத்துவது வரை என்று உறக்கத்தின் பாதியிலேயே நின்று, 5 நொடிகள் காத்திருந்து, கணினி திரும்பி வரும். எந்தப் படியில் திரும்பி வரவில்லையோ அங்கேதான் கோளாறு.

உறங்கிய கணினி விழிக்கவே மறுத்தால் பதிவேடும் மிஞ்சாது. இதற்காக லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2006ஆம் ஆண்டில் ஒரு வினோதமான உத்தியைக் கையாண்டார். மறுதொடக்கத்துக்குப் பிறகும் அழியாமல் இருப்பது கணினியின் கடிகாரச் சில்லு என்பதால், கடைசியாக இயங்கிய சாதனத்தின் அடையாளத்தை அதில் எழுதிவைக்கச் செய்தார். 'பிஎம் டிரேஸ்' என்ற அந்த வசதியைப் பயன்படுத்தினால் துப்புக் கிடைக்கும். கூடவே கணினியின் தேதியும் நேரமும் தாறுமாறாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கிராபிக்ஸ் அட்டையின் நினைவகம்

ஒர்க்ஸ்டேஷன்களுக்கே உரிய சிக்கல் கிராபிக்ஸ் அட்டையில் உள்ளது. உறக்கத்தில் ரேமுக்கு மின்சாரம் கிடைப்பதுபோல், அட்டையின் சொந்த நினைவகத்துக்குக் கிடைப்பதில்லை. அதிலுள்ளவற்றை உறங்குமுன் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். என்விடியா அட்டைகளுக்கான லினக்ஸ் டிரைவரில், நினைவகம் முழுவதையும் காக்கும் தெரிவு இயக்கப்பட்டிருந்தால், அது ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதப்படுகிறது. இயல்பாக அக்கோப்பு செல்லும் இடம் 'டிஎம்பி' என்ற தற்காலிகக் கோப்புறை. 24 ஜிபி நினைவகம் கொண்ட அட்டைக்கு அங்கே 8 ஜிபி இடம்தான் இருக்கிறது என்றால், அட்டையில் ஏற்றப்பட்டுள்ள தரவு பெருகும் நாளில் உறக்கம் தோற்கும். நேற்று உறங்கிய கணினி இன்று உறங்காமல் போவதற்கு இது ஒரு விளக்கம். போதிய இடமுள்ள வட்டுக்கு அக்கோப்பைத் திருப்பிவிடுவதற்கு டிரைவரிலேயே வழி உள்ளது.

மின்வெட்டு ஏற்படும் பகுதிகளில்

கோளாறு நீங்கி, கணினி உறங்கத் தொடங்கிய பிறகும் ஓர் எச்சரிக்கை தேவை. மடிக்கணினிக்கு இருப்பதுபோல் மேசைக் கணினிக்குப் பேட்டரி கிடையாது. எஸ்3 நிலையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், ரேமில் இருக்கும் சேமிக்கப்படாத பணி அனைத்தும் அழிந்துவிடும். யுபிஎஸ் இருந்தாலும் அது தாங்கும் நேரம் வரைதான் பாதுகாப்பு. விண்டோஸில் உள்ள 'ஹைபிரிட் ஸ்லீப்' என்ற தெரிவு, ரேமின் நகலை வட்டிலும் எழுதிவிட்டே உறங்கச் செய்கிறது. மின்சாரம் போகாவிட்டால் கணினி நொடிகளில் விழிக்கும். போயிருந்தால் சற்றுத் தாமதித்து வட்டிலிருந்து மீளும். இரவெல்லாம் உறங்க வேண்டிய ஒர்க்ஸ்டேஷனுக்கு, இது இயக்கத்தில் உள்ளதா என்பதைக் கோடை தொடங்கும் முன்பே மேம்பட்ட மின் அமைப்புகளில் சரிபார்த்துக்கொள்ளலாம்.